கோல்ஃபும் சஃபாரியும் ஒரே பயணத்தில்: 21 லட்சம் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு வயது 57, மனைவிக்கு 54. சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை. வரும் மார்ச்சில் ஓய்வு. அடுத்த செப்டம்பரில் தென்னாப்பிரிக்கா போய் கோல்ஃப் ஆடி, சஃபாரியும் பார்க்க ஆசை. மனைவி கோல்ஃப் ஆடமாட்டார். டிராவல் ஏஜென்ட் ஒருவர் 12 இரவுக்கு இருவருக்கும் சேர்த்து 21 லட்சம் கேட்கிறார்: கேப் டவுன் 3, ஜார்ஜ் ஊரில் ஃபேன்கோர்ட் கோல்ஃப் விடுதி 3, சன் சிட்டி 2, க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் தனியார் சரணாலயத்தில் சொகுசு லாட்ஜ் 4. மொத்தம் 6 ரவுண்டு கோல்ஃப். அதில் 2, லாட்ஜில் தங்கும் நாள்களில் மலேலேன் பக்கம் போய் ஆடுவது. ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் 38 லட்சம், எஃப்.டி.யில் 15 லட்சம் இருக்கிறது. ஓய்வின்போது பி.எஃப்., கிராஜுவிட்டியாக 70 லட்சம் வரும். மாதம் 60,000 மிச்சமாகிறது. ஃபண்டை விற்கலாமா, பர்சனல் லோன் எடுக்கலாமா? என் கோல்ஃப் செட்டைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: போகலாம். ஆனால் 21 லட்சம் என்பது உங்கள் மொத்தச் சேமிப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 6.5% வட்டியில் போட்டால் மாதம் 11,000 ரூபாய்க்கு மேல் தரக்கூடிய தொகை. சம்பளம் நிற்கும் ஆண்டிலேயே இதை எடுப்பது கனமான முடிவு. இதே பயணத்தை 14 லட்சத்துக்குள் முடிக்கலாம், அதற்காகப் பெரிதாக எதையும் இழக்கவும் வேண்டாம். பணம் வீணாகும் இடம் ஒன்றுதான்: லாட்ஜ் இரவுகளின் மேல் கோல்ஃபை ஏற்றி வைத்திருப்பது.

தனியார் சரணாலய லாட்ஜில் நீங்கள் அறைக்கு மட்டும் பணம் தருவதில்லை. சாப்பாடும், நாளுக்கு இரண்டு ஜீப் சவாரிகளும் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். விடியற்காலை ஐந்தரை வாக்கில் ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று. ஒருவருக்கு ஓர் இரவு 22,000 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) என்று வைத்துக்கொண்டால் இருவருக்கு 44,000. ஒரு ராண்டுக்கு 5.50 ரூபாய் என்று கணக்குப் போடுகிறேன் (புக் செய்யும் நாளின் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்). ஓர் இரவு 2.42 லட்சம்; நான்கு இரவு 9.68 லட்சம். ஏஜென்ட் கேட்கும் தொகையில் கிட்டத்தட்ட பாதி இது.

நான்கு இரவுக்கு எட்டு சவாரி. அதாவது ஒரு சவாரியின் விலை, சாப்பாட்டையும் சேர்த்து, 1.21 லட்சம். சிங்கமும் சிறுத்தையும் நடமாடும் நேரம் விடியற்காலை. கோல்ஃபுக்கு நல்ல டீ டைமும் (ஆட்டம் தொடங்க ஒதுக்கும் நேரம்) அதே விடியற்காலைதான். சாபி சாண்டிலிருந்து மலேலேன் பக்கம் போக ஒரு வழிக்கே சுமார் இரண்டு மணி நேரம். ரவுண்டு முடிந்து திரும்பும்போது மாலை ஜீப் கிளம்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டு நாள் இப்படிப் போனால், குறைந்தது இரண்டு சவாரிகளில் உங்கள் இருக்கை காலி. லாட்ஜ் ஒரு ராண்ட் கூடத் திருப்பித் தராது. மலேலேன் கேட் அருகே இருக்கும் லெப்பர்ட் க்ரீக், தென்னாப்பிரிக்க வீரர் கேரி ப்ளேயர் வடிவமைத்த அருமையான கோல்ஃப் கோர்ஸ்தான். ஆனால் அது உறுப்பினர்களுக்கான கிளப்; வெளியாட்களுக்கு வாய்ப்பு குறைவு. எந்தக் கோர்ஸ், எந்தத் தேதி, டீ டைம் உறுதியா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். 'அல்லது அதற்கு இணையான கோர்ஸ்' என்று எழுதியிருந்தால் உறுதியாகவில்லை என்று பொருள்.

கோல்ஃபையும் காட்டையும் சேர்த்து வைக்க வேண்டிய இடம் சன் சிட்டி. ஏஜென்ட் அங்கே இரண்டே இரவு கொடுத்திருப்பது தலைகீழ்; நான்கு இரவு வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். உள்ளேயே இரண்டு 18 குழிக் கோர்ஸ்கள்: கேரி ப்ளேயர் கன்ட்ரி கிளப், லாஸ்ட் சிட்டி. முதலாவது நீளமானது. ஓரத்துக் கிக்குயு புல்லில் பந்து போனால் எடுத்து அடிக்க மணிக்கட்டு பலம் வேண்டும். இரண்டாவதில் 13-வது குழியின் முன்னால் உயிருள்ள முதலைகள் கிடக்கும். அங்கே பந்து போனால் போனதுதான். பக்கத்திலேயே பிலானஸ்பர்க் தேசியப் பூங்கா. யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் உண்டு. மலேரியா இல்லாத பகுதி. இங்கே ஜீப் சவாரியை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கலாம். ஆகவே காலையில் நீங்கள் ஆடும்போது மனைவி சவாரி போகலாம். மாலையில் இருவரும் சேர்ந்து போகலாம். ஆடாதவர் கோல்ஃபுக்குப் பணம் தர வேண்டாம், ஆடுபவர் தவறவிட்ட சவாரிக்குத் தர வேண்டாம்.

அடுத்து க்ரூகர். ஜோகன்னஸ்பர்க் திரும்பி, அங்கிருந்து விமானத்தில் க்ரூகருக்குள்ளேயே இருக்கும் ஸ்குகூசா. தேசியப் பூங்காவின் சொந்த முகாமில் மூன்று இரவு. குடில் ஓர் இரவுக்கு 2,500 ராண்ட் அளவில் கணக்கு வையுங்கள். வெளிநாட்டவருக்கு ஆளுக்கு, நாளுக்கு 600 ராண்டுக்கு மேல் வனப் பாதுகாப்புக் கட்டணம் தனியாக உண்டு. பலர் இதை மறந்துவிட்டு, 'குடில் இவ்வளவு மலிவா' என்று மகிழ்வார்கள். வாடகைக் காரில் நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்: தார் சாலையில் 50 கி.மீ., மண் சாலையில் 40 கி.மீ. வேகம்தான் அனுமதி. கேட் மூடும் நேரத்துக்குப் பிறகு வந்தால் அபராதம். ஸ்குகூசாவிலேயே பூங்கா ஊழியர்களுக்காக 1970-களில் அமைத்த 9 குழிக் கோர்ஸ் ஒன்று இருக்கிறது. வேலி கிடையாது. பக்கத்து ஏரியில் நீர்யானை. விலங்கால் ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆட வேண்டும். பெரிய கோர்ஸ்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. காட்டுக்குள் கோல்ஃப் ஆடினேன் என்று சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதன்பிறகு சாபி சாண்ட் லாட்ஜில் இரண்டே இரவு. கோல்ஃப் கிடையாது. நான்கு சவாரியும் உட்காருங்கள். மூன்று நாள் நீங்களே ஓட்டித் தேடிய பிறகு, தேர்ந்த வழிகாட்டி சாலையை விட்டு இறங்கிச் சிறுத்தையைக் காட்டும்போது அந்த 4.84 லட்சத்துக்கு மதிப்பு தெரியும். பிறகு ஸ்குகூசாவிலிருந்து நேராகக் கேப் டவுன், மூன்று இரவு, ஒரு ரவுண்டு. செப்டம்பரில், கேப் டவுனிலிருந்து காரில் போகக்கூடிய ஹெர்மனஸ் ஊரின் கரையிலிருந்தே திமிங்கிலம் தெரியும்; மனைவிக்கு அது. ஊர் திரும்பும் விமானத்தைக் கேப் டவுனிலிருந்தே எடுங்கள். ஜோகன்னஸ்பர்க் போய் ஏற வேண்டிய உள்நாட்டு டிக்கெட் மிச்சம். ஃபேன்கோர்ட்டை விட்டுவிடச் சொல்கிறேன். 2003 பிரசிடென்ட்ஸ் கப் கோல்ஃப் போட்டி நடந்த இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கோல்ஃபுக்காகவே ஒரு வாரம் போகிறவர்களின் ஊர்.

இந்தத் திட்டத்தின் கணக்கு, இருவருக்கும் சேர்த்து லட்சத்தில்: லாட்ஜ் 4.84, சர்வதேச டிக்கெட் 1.60, உள்நாட்டு விமானம் 1.10, சன் சிட்டி நான்கு இரவு 1.32, க்ரூகர் முகாம், கட்டணம், இரண்டு வழிகாட்டிச் சவாரி 0.74, கேப் டவுன் அறை 0.50, நான்கு ரவுண்டு 0.66, மட்டை வாடகை 0.15, கார் 0.60, சாப்பாடு 0.66, டிப்ஸ் 0.17, விசா, காப்பீடு, மருந்து 0.50, கைக்காவல் 1.00. மொத்தம் 13.84. இவை நான் திட்டத்துக்காக வைத்த தொகைகள், யாரும் கொடுத்த கொட்டேஷன் அல்ல. ராண்ட் ஐம்பது பைசா ஏறினால் அங்கே செய்யும் செலவு சுமார் 9% கூடும். கைக்காவல் ஒரு லட்சம் அதற்குத்தான்.

டர்பனில் உறவினர் யாராவது இருந்தால் கேப் டவுனுக்குப் பதில் அங்கே முடிப்பது இன்னும் மலிவு. ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோஸி சரணாலயம் அங்கிருந்து காரில் மூன்று மணி நேரம்தான். கோல்ஃபுக்கு டர்பன் கன்ட்ரி கிளப் இருக்கிறது, 1922-இல் தொடங்கியது. 1963-இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற இந்திய வம்சாவளி வீரர் பாப்வா சேவ்கோலம், இனவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் போக முடியாமல், மழையில் வெளியே நின்று கோப்பை வாங்கியது அங்கேதான்.

இனி பணம் எங்கிருந்து என்பது. பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். 10 லட்சத்தை 12% வட்டியில் மூன்று ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 33,200. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2 லட்சம். அதைச் சம்பளம் இல்லாமல் கட்டுவீர்கள். எஃப்.டி. 15 லட்சம் உங்கள் அவசர நிதி, தொடாதீர்கள். ஓய்வுக்குப் பிறகு அலுவலக மருத்துவக் காப்பீடும் போய்விடும், அப்போது அதன் அருமை தெரியும். மார்ச் வரை எட்டு மாதச் சேமிப்பு 4.80 லட்சத்தை அப்படியே லிக்விட் ஃபண்டில் போடுங்கள். மீதி 9 லட்சத்தை ஈக்விட்டி ஃபண்டிலிருந்து எடுங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. பாதியை மார்ச்சுக்குள், பாதியை ஏப்ரலில். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. 9 லட்சத்தில் 3.60 லட்சம் லாபம் என்றால், ஒரே ஆண்டில் விற்றால் செஸ்ஸோடு 30,550 வரி. இரண்டு ஆண்டில் பிரித்தால் 14,300. இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். செப்டம்பரில் விற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். சந்தை விழுந்தாலும் லாட்ஜ் பாக்கியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

டி.சி.எஸ். (பணம் கட்டும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பற்றி ஒரு தெளிவு. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. 2026 பட்ஜெட்டில் இதை, 2026 ஏப்ரல் 1 முதல், தொகை எவ்வளவானாலும் 2% என்று ஆக்கினார்கள். 21 லட்சத்துக்கு முன்பு 2.70 லட்சம் பிடித்திருப்பார்கள், இப்போது 42,000. ஏஜென்ட் தந்த பட்டியலில் எந்த விகிதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பேக்கேஜ் இல்லாமல் நீங்களே வங்கி வழியாகவோ ஃபாரெக்ஸ் கார்டிலோ பணம் அனுப்பினால், ஒரு பான் எண்ணுக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20%. எனவே லாட்ஜ் உங்கள் பெயரில், மற்றவை மனைவி பெயரில், அவரவர் கணக்கிலிருந்து போகட்டும். பிடித்த தொகை வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும்; ஆனால் அதுவரை கையில் இருக்காது.

கார் வாடகைக்கு, ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு கையில் இருக்க வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். பல ஆயிரம் ராண்டை முடக்கி வைத்து, காரைத் திருப்பிய பிறகு சில நாள் கழித்துத்தான் விடுவிப்பார்கள். அதனால் லிமிட் போதுமா என்று முன்பே பாருங்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவை சாதாரணக் காப்பீட்டில் அடங்காது. மண் சாலைக்குப் போகிற நீங்கள் அதைக் கூடுதலாக எடுப்பது நல்லது. ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் மெஷின் 'ரூபாயில் கட்டவா' என்று கேட்டால் ராண்டையே தேர்ந்தெடுங்கள்.

கோல்ஃப் செட்டை வீட்டிலேயே வையுங்கள். நான்கு ரவுண்டுக்கு வாடகை சுமார் 15,000 ரூபாய். கொண்டுபோனால் கெட்டியான பயணப் பெட்டிக்கே அந்தப் பணம் ஆகும்; பை 15 கிலோவை விழுங்கிவிடும். லாட்ஜுக்கான சிறு விமானங்களில் ஆளுக்கு 20 கிலோ, அதுவும் மிருதுவான பையில் மட்டும்; கோல்ஃப் பெட்டி உள்ளே நுழையாது. ஷூ, கையுறை, இரண்டு டஜன் பந்து போதும். புல்லுக்குள்ளும் தண்ணீர் ஓரத்திலும் பந்தைத் தேடிப் போகக் கூடாது என்பதால் பந்து வேகமாகத் தீரும். உங்கள் கிளப்பிலிருந்து ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு) சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். டீ டைம் போடும்போது, கிரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை) துளையிடும் பராமரிப்பு எந்த வாரம் என்று கேளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பல கோர்ஸ்களில் அது நடக்கும். முழுக் கட்டணம் கொடுத்து மணல் தூவிய கிரீனில் ஆட வேண்டிவரும். செப்டம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் தப்பிக்க வாய்ப்பு அதிகம். க்ரூகரிலும் காடு வறண்டு விலங்குகள் தண்ணீருக்கு வரும் காலம் அது.

க்ரூகரும் சாபி சாண்டும் மலேரியா பகுதி. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். இந்தியாவிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவையில்லை. மலிவாக இருக்கிறதென்று நைரோபி, அடிஸ் அபாபா வழியாக எடுத்து, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ வெளியே போய் வந்தாலோ கேட்பார்கள்.

கடைசியாகத் தேதிகள். லாட்ஜுக்கு முன்பணம் பொதுவாக 20-30%, பாக்கி பயணத்துக்கு 30-60 நாள் முன்பு. அதன்பிறகு ரத்து செய்தால் பெரும்பாலும் முழுத் தொகையும் போகும். ஆகவே பாக்கி கட்டும் தேதிக்கு முன்பே விசா கையில் இருக்குமாறு விண்ணப்பியுங்கள். ஓய்வு பெற்றவர் என்பதால் சம்பளச் சீட்டு இருக்காது. மூன்று மாத வங்கிக் கணக்கும் எஃப்.டி. ரசீதும் வையுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று பெருந்தொகை உள்ளே வந்தால் கேள்வி வரும். ஃபண்ட் பணம் ஏப்ரலிலேயே கணக்குக்கு வந்துவிட்டால் அந்தச் சிக்கலும் இல்லை. பயணக் காப்பீட்டை முன்பணம் கட்டிய அன்றே எடுங்கள். பயண ரத்துக்கான வரம்பு லாட்ஜ் தொகையை ஈடுகட்டுகிறதா, ஜீப் சவாரியை 'சாகச விளையாட்டு' என்று விலக்கியிருக்கிறதா என்பதைப் பாலிசி வாசகத்திலேயே தேடிப் படியுங்கள்.