கல் வெட்டும் தூசு சிறுநீரகத்தையும் பாதிக்குமா?

உங்கள் அப்பா கருங்கல் வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறார், இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருக்கிறது, தூசு நெஞ்சுக்குத்தானே கேடு, சிறுநீரகத்துக்கும் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், சிறுநீரகத்தையும் அது பாதிக்கலாம். நான் வைத்தியர் அல்லன். என் அத்தானோடு சிறுநீரகக் கிளினிக் வாங்குகளில் காத்திருந்த காலத்தில் கேட்டும் வாசித்தும் அறிந்ததையே எழுதுகிறேன்.

அத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறையில் சமையல் மேடைக்கான கற்களைத் தண்ணீர் விடாமல் கிறைண்டரால் வெட்டி வந்தார். மாலையில் வீடு திரும்பும்போது புருவமும் இமைமயிரும் வெள்ளையாக இருக்கும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துவாயை முற்றத்தில் உதறினால் மா கொட்டுவதுபோலத் தூசு கொட்டும். அந்தத் துவாய் தடுத்தது கண்ணுக்குத் தெரிந்த தூசை மட்டுமே. கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள். அது நுரையீரலின் ஆழத்தில் தங்கி, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குழப்பி, சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் அழற்சியை உண்டாக்குகிறது. கருங்கல்லில் சிலிக்கா கணிசமாக உண்டு. குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம். வெட்டும் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் பெருகியதால் அவுஸ்திரேலியா அந்தக் கல்லை 2024 ஜூலை 1 முதல் தடைசெய்தது.

அத்தானிடம் சீனி இருக்கிறதா, பிறஷர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். என்ன வேலை என்று கேட்டவர் இல்லை. அட்டையில் 'கூலித்தொழில்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. பட்டறையில் செய்த வேலையை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் கேட்டபோது, நாட்கூலிக்காரருக்குக் கடிதம் கொடுப்பதில்லை என்று முதலாளி திருப்பி அனுப்பினார். 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் வேலை செய்ததற்கே அத்தாட்சி இல்லாதவர் எதைக் காட்டி அதைக் கேட்பார்? அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எல்லாச் சிறுநீரக நோயும் கிணற்றுத் தண்ணீரால் வருவது, அதனால்தான் கல் உண்டாகிறது என்று சிலர் இங்கே எழுத வருவார்கள். ஆனால் சிறுநீரகத்தில் கல் உண்டாவது வேறு, வடிகட்டிகள் பழுதாவது வேறு. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பெரிய காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றோடு சேர்த்துத் தூசையும் விசாரிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஆகவே, அப்பா எந்தக் கல்லை, எத்தனை ஆண்டுகளாக, தண்ணீர் விட்டா விடாமலா வெட்டுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருப்பதால் மட்டும் ஆறுதல் அடையாமல், சிறுநீரில் புரதமும் இரத்தமும் போகின்றனவா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலையை உடனே விட முடியாதென்றால், தண்ணீர் ஊற்றி வெட்டுவதும், முகத்தோடு இறுகப் பொருந்தும் N95 வகை முகக்கவசமும் கட்டாயம். இடுப்பு நோவுக்கென்று மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகள் பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்பதால், வைத்தியரைக் கேட்காமல் அவற்றை அவர் எடுக்க விடாதீர்கள்.