கழற்றிய வால்வு எங்கே? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: ரிப்பேர் பார்த்த பிறகும் கார் ஹீட் ஆகிறது. அவற்றில் ஐந்து, சுருக்கி.

கேள்வி: வாட்டர் பம்ப் மாற்றி ஒரு வாரம் ஆகிறது. ஓடும்போது சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறது. காளவாசல் சிக்னலில் நின்றால் ஏறுகிறது, கிளம்பினால் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் வால்வு போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா சார்? – பழங்காநத்தம் வாசகர்

பதில்: பொறுங்கள். எஞ்சினை ஆற்றும் திரவத்தை (கூலன்ட்) ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் அந்த வால்வு மூடியபடி சிக்கியிருந்தால் ஓடும்போதும் சூடு ஏறத்தான் செய்யும். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன் சுற்றியாக வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து ஏ.சி. போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, அப்புறம் பம்ப் வேலைக்காகக் கழற்றிய ஒயர் சாக்கெட்டை மறுபடி மாட்டினார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் சரியாக இருந்தால் ஏர் லாக் இருக்கலாம். பம்ப் மாற்ற கூலன்ட்டை வடித்திருப்பார்கள், நிரப்பும்போது உள்ளே காற்று சிக்கினால் முள் நிலையாக நிற்காது. காற்றை வெளியேற்றுவது பம்ப் வேலையில் சேர்ந்தது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹீட் பிரச்சினைக்கு வண்டியை விட்டேன். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வே தேவையில்ல" என்று கழற்றிவிட்டார்கள். பில்லில் புது தெர்மோஸ்டாட்டுக்கு 1,450 ரூபாய் போட்டிருக்கிறார்கள். இப்போது மைலேஜ் குறைந்து, எஞ்சின் லைட்டும் எரிகிறது. – உசிலம்பட்டி வாசகர்

பதில்: மாட்டாத பாகத்துக்குப் பில் போட்டது மோசடி. அந்தப் பில்லைப் பத்திரமாக வையுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இந்த "வெயிலுக்கு வால்வு வேண்டாம்" பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சித்திரை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் 40 டிகிரியைச் சுற்றித்தான். எஞ்சினுக்குத் தேவையோ ஏறக்குறைய 90 டிகிரி. ஊர் எவ்வளவு சூடாக இருந்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. 82 அல்லது 88 டிகிரி போல அதன் மேல் குறித்திருக்கும் அளவுக்குச் சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதால் எஞ்சின் சீக்கிரம் பதத்துக்கு வருகிறது. வால்வைப் பிடுங்கினால் அந்தப் பதம் வர வெகுநேரம் ஆகும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கணினி கூடுதலாகப் பெட்ரோல் விடும். உங்கள் மைலேஜ் போனது இப்படித்தான். எரிகிற லைட்டும் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும், ஸ்கேனரில் பி0128 (எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவில்லை என்ற குறியீடு) என்று வந்தால் உறுதி. சில எஞ்சின்களில் இதைவிட மோசம்: வால்வு திறக்கும்போதே பக்கவழியையும் அடைக்கும்படி செய்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும். ஹீட்டைக் குறைக்கக் கழற்றியதே ஹீட்டைக் கூட்டும்.

வால்வு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையை விலக்கி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொடுங்கள். வால்வு ஒழுங்காக இருந்தால் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, திறந்ததும் சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. சில கார்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழ் ஹோஸைப் பாருங்கள்.

புது வால்வு வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். நல்ல வால்வு தண்ணீர் கொதிப்பதற்குள் வாய் திறக்கும். கம்பெனிப் பெட்டி, ஹோலோகிராம் எல்லாம் பார்த்து நான் வாங்கிய ஒன்று தளதளவென்று கொதித்த பிறகும் அசையவில்லை. அத்தனையும் டூப்ளிகேட். "மாட்டிப் பார்த்த சாமானை எடுக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர். அதை யாரும் மாட்டவே இல்லை. அதை நம்பி வண்டியில் மாட்டி மலையேறும் ஒருவரின் எஞ்சின் என்ன ஆகும்?

கேள்வி: கூலன்ட் விலை அதிகம். வீட்டு போர் தண்ணீர் ஊற்றலாமா? – ஒத்தக்கடை வாசகர்

பதில்: கூடாது. உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: கொடைக்கானல் மலை ஏறும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. குழந்தைகள் இருந்ததால் நிறுத்தாமல் மேலே போய்விட்டோம். ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார்கள். போன மாதம் வால்வு மாற்றிய ஒர்க்‌ஷாப்பிடம் நஷ்டஈடு கேட்கலாமா? – மேலூர் வாசகர்

பதில்: குழந்தைகள் இருந்தால்தான் முதலில் நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும், அவ்வளவுதான். இதை எத்தனை முறை எழுதுவது? நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் "லைட் எரிஞ்ச பிறகும் ஏன் ஓட்டுனீங்க?" என்பார்கள், அதற்கு உங்களிடம் பதில் இல்லை. ஒரே வழி: ஹெட்டைப் பிரிக்கும்போது அந்த வால்வை உங்கள் கண் முன்னால் எடுத்துச் சோதிக்கச் சொல்லி வீடியோ எடுங்கள். அது திறக்கவில்லை என்றால் பேசுவதற்கு இடம் இருக்கிறது. வால்வைக் காயலான் கடைக்குப் போகவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஹெட் வேலை என்று 32,000 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு "ஜி.எஸ்.டி. சேரும்மா, எதுக்கு" என்றார்கள். பத்து நாளில் மறுபடி ஹீட். "இது வேற கோளாறும்மா" என்கிறார்கள். ஜி-பே ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கிறது. விட்டுவிடலாமா? – செல்லூர் வாசகி

பதில்: விடாதீர்கள் அம்மா. தப்பு உங்களுடையது இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் கொடுக்காததே நேர்மையற்ற வணிக நடைமுறை. ஜி-பே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சான்றுதான், எதையும் அழிக்க வேண்டாம். முதலில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது கூலன்ட்டில் குமிழி வருகிறதா, புகைபோக்கியில் வெள்ளைப்புகை நிற்காமல் வருகிறதா, ஆயில் பாலாடை போல இருக்கிறதா என்று பார்த்து, கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். பிறகு பழைய கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம்: வண்டி எண், தேதி, கொடுத்த தொகை, செய்ததாகச் சொன்ன வேலை, 15 நாளில் சரிசெய்யுங்கள் அல்லது பணத்தைத் தாருங்கள். மாற்றிய பழைய கேஸ்கட்டையும், ஹெட்டை லேத்தில் கொடுத்ததாகச் சொன்னால் அதன் ரசீதையும் கேளுங்கள். வேலையே செய்யாதவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் விவரங்களை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.