கேளுங்கள், சொல்கிறோம்: ஆடாதவர் கோச் ஆக முடியுமா?

கேள்வி: என் மகன் கோவையில் பி.டெக். கடைசி வருடம். அமெரிக்காவில் எம்.எஸ். படித்துக்கொண்டே ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ கோச் ஆகப் போகிறானாம். எங்கள் ஊரில் ஃபுட்பால் என்றால் அணிக்கு ஏழு பேர் காலால் உதைத்து ஆடும் செவன்ஸ்தான். அதிலும் இவன் கோல்கீப்பராக நின்றதோடு சரி. நடக்கிற காரியமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நடக்கும் அம்மா. டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழக அணிக்கு 2000 முதல் 2009 வரை ஹெட் கோச்சாக இருந்த மைக் லீச் கல்லூரி அணியில் ஆடியவரே இல்லை, சட்டம் படித்தவர்.

வழக்கமான படிகள் இவை: கிராஜுவேட் அசிஸ்டன்ட் (முதுகலை படித்தபடியே உதவியாளர்), குவாலிட்டி கன்ட்ரோல் (ஆட்ட வீடியோவை அலசும் உதவியாளர்), ஒரு பொசிஷனுக்கு மட்டும் கோச், கோ-ஆர்டினேட்டர் (தாக்குதல் அல்லது தடுப்புப் பிரிவு முழுவதற்கும் பொறுப்பாளர்), பிறகு ஹெட் கோச். முதல் படியில் கட்டணச் சலுகையும் சிறு உதவித்தொகையும் கிடைக்கும் என்பதால், முன்னாள் ஆட்டக்காரர்கள் அதற்கு முட்டி மோதுவார்கள். உங்கள் மகன் அதற்கும் கீழே, வீடியோ குழுவில் நுழையட்டும். போய்ச் சேர்ந்த முதல் வாரமே அணி அலுவலகத்தில் கேட்க வேண்டும். அங்கே வேலை ஆட்டத்தைப் படமெடுப்பது. பக்கவாட்டு கேமராவில் இரு அணியின் 22 பேரும் விழ வேண்டும். பின்பக்கக் கேமராவில் முன்வரிசையின் கால் அசைவு தெரிய வேண்டும். ஒன்று தவறினாலும் கோச்சுக்கு அந்தப் படம் உதவாது.

அடுத்தது படத்தைப் பிரித்துப் பதியும் வேலை. ஆளை எடை போடுவது இங்கேதான். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 60, 70 முறை தாக்கும். ஒவ்வொன்றுக்கும் எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எத்தனையாவது), அதற்கு இன்னும் எத்தனை யார்டு, மைதானத்தில் எந்த இடம், என்ன அணிவகுப்பு, என்ன முடிவு என்று பதிய வேண்டும். ஆட்களுக்கு இரண்டு இலக்கக் குறி உண்டு. 12 என்றால் ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), இரண்டு டைட் எண்ட் (எதிராளியை மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்). இந்த வகை ஆட்கள் மொத்தம் ஐந்து பேர்; மிச்சம் இரண்டு பேர் வைட் ரிசீவர் (ஓடிப்போய் பாஸைப் பிடிப்பவர்).

சறுக்குகிற இடத்தையும் சொல்லிவிடுகிறோம். தாக்குதலைத் தொடங்கப் பந்து பின்னால் கைமாறும் முன் ஒருவர் இடம் மாறி ஓடுவார். அணிவகுப்பை ஒரு தடவை அவர் ஓடுமுன்பும் மறு தடவை ஓடிய பின்பும் எழுதினால் சதவீதம் எல்லாமே பொய். தோல்வி உறுதியான கடைசி நிமிடங்களில் அணிகள் பந்தோடு ஓடாமல் பாஸாகவே எறிந்து தள்ளும். அதையும் சேர்த்து எண்ணினால், எதிரணி எப்போதும் பாஸ் ஆடுகிறது என்று தப்புக் கணக்கு வரும்.

பயிற்சிக்கு வரையும் அட்டையிலும் ஒரு கவனம் வேண்டும். எதிரணியின் தாக்குதலை நடித்துக் காட்டுபவர்களுக்கான அட்டையில் தாக்கும் அணி கீழே இருக்க வேண்டும்; தடுப்பை நடிப்பவர்களுக்கு தடுக்கும் அணி கீழே. தலைகீழாக வரைந்தால் இடம் வலமாகி ஒரு பயிற்சியே வீணாகும்.

கேள்வி: விசா, வயது இரண்டும் தடையாகுமா?
– அதே வாசகி

பதில்: விசாதான் பெரிய தடை. மாணவ விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற தற்காலிக வேலை அனுமதி 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பம், கணிதப் பிரிவுப் பட்டத்துக்கு இன்னும் 24 மாதம் நீட்டலாம். ஆனால் வேலை பட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். நீட்டிப்புக்கு நிறுவனம் இ-வெரிஃபை என்ற அரசின் வேலைத் தகுதிச் சரிபார்ப்பு முறையில் பதிந்திருக்கவும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு மைதானத்தில் விசில் ஊதினால் அந்தத் தொடர்பைக் காட்ட முடியாது. ஆகவே புள்ளியியல் அல்லது டேட்டா சயின்ஸ் எடுத்து, ‘டேட்டா அனலிஸ்ட்’ என்ற பதவியிலேயே அணிக்குள் சேரப் பார்ப்பது புத்திசாலித்தனம். இலவசமாக வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொள்வதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டே ஆகவேண்டும். சம்பளம் தர வேண்டிய வேலையை இலவசமாகச் செய்தாலும் விசாவுக்குச் சிக்கல் வரலாம்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஷான் மெக்வே 2008இல் டாம்பா பே தொழில்முறை அணியில் உதவியாளராகத் தொடங்கினார். 2014இல் வாஷிங்டன் அணியின் தாக்குதல் கோ-ஆர்டினேட்டர். 2017 ஜனவரியில் 30 வயதில் ராம்ஸ் அணியின் ஹெட் கோச். ஆனால் அவர் கல்லூரியில் ஆடியவர், ஃபுட்பால் குடும்பம் வேறு. உங்கள் மகன் அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

சீசன் முடிந்து டிசம்பர், ஜனவரியில்தான் கோச்சுகள் அணி மாறுவார்கள், இடமும் காலியாகும். தான் பிரித்துப் பதிந்த ஒரு முழு ஆட்டத்தின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்போது அணிகளுக்கு வேலை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.