புளியங்கொட்டையும் ஒரு துணி கிளிப்பும்: சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், கேள்வி பதில்

கிராமத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக, ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்துவருகிறேன். செய்முறையாக ஆங்கிலம் சொல்லித்தருவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மொழியியல் அறிஞர் இல்லை. வகுப்பில் எனக்குப் பலித்ததையும் பலிக்காததையும் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, தேனி மாவட்டம்: ஃபிளாஷ் கார்டைக் காட்டினால் நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் 'டாக்', 'கேட்' என்று கத்துகிறார்கள். ஒருவனைத் தனியாக எழுப்பினால் வாய் திறப்பதில்லை. எங்கே குறை?

குறை பிள்ளையிடம் இல்லை, டீச்சர். அட்டையில் நாய் இருப்பது உங்களுக்கும் தெரிகிறது, அவனுக்கும் தெரிகிறது. பிறகு எதற்காக அவன் அதைச் சொல்ல வேண்டும்? ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் பேச்சுக்கு வேலை வரும்.

கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே புளியங்கொட்டை, சாவி, சீப்பு, ரப்பர், சின்ன வெங்காயம், பஞ்சு போடுங்கள். ஒரு பிள்ளை கையை உள்ளே விட்டு, எட்டிப் பார்க்காமல், தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் ஐந்தே சொற்கள்: 'பிக்', 'ஸ்மால்', 'ஹார்ட்', 'சாஃப்ட்', 'ரவுண்ட்'.

என் வகுப்பில் ஆடி மாதம் வரை ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசாத பையன் ஒருவன் இருந்தான். அவன் முறை வந்தபோது பைக்குள் கையை விட்டான். நெற்றி சுருங்கியது. "ஸ்மால்" என்றான். "ஹார்ட்" என்றான். விரல்கள் உள்ளே உருட்டிக்கொண்டே இருந்தன. "ரவுண்ட்... நோ, நோ" என்றான். பின்வரிசையில் இருந்து ஒருத்தி "கீ?" என்று கேட்டாள். "நோ கீ" என்றான். "இட் இஸ் நாட் எ கீ" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவனும் சொன்னான். கடைசியில் யாரோ "புளி சீட்!" என்று கத்த, வகுப்பே சிரித்தது. அதை நான் திருத்தவில்லை. 'நாட்' என்ற சொல் தேவைப்பட்டு, அதைத் தேடிப் போய் ஒரு பிள்ளை எடுத்துக்கொண்ட நாள் அது. ஆயிரம் அட்டை காட்டியிருந்தாலும் அந்தத் தேவை வந்திருக்காது.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், விழுப்புரம்: செயல்பாடு, விளையாட்டு என்று நேரம் போகிறது. தேர்வில் ஒரு வாக்கியம் எழுதத் தெரியவில்லை. பழைய முறையே மேல் என்று தோன்றுகிறது.

பாதி ஒப்புக்கொள்கிறேன், சார். நானே ஒருமுறை மணி பார்ப்பதைக் கற்றுத்தர அட்டையில் கடிகாரம் செய்யச் சொன்னேன். வெட்டினார்கள், ஒட்டினார்கள், முள்ளுக்குக் குண்டூசி தேடினார்கள், ஒருவன் கையில் குத்திக்கொண்டான். நாற்பது நிமிட வகுப்பில் முப்பத்தைந்து நிமிடம் கைவேலை. 'இட் இஸ் த்ரீ ஓ க்ளாக்' என்று ஆளுக்கு ஒரு தடவைகூடச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. கடிகாரங்கள் அழகாகத்தான் இருந்தன. சுவரில் மாட்டி வைத்தேன். பார்வைக்கு வந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான்: கை செய்கிற வேலையை ஆங்கிலம் இல்லாமலே செய்து முடிக்க முடியுமா? முடியும் என்றால் அது ஓவிய வகுப்பு. பைக்குள் இருப்பதைச் சொல்லாமல் அந்த விளையாட்டு ஓடாது. கடிகாரம் பேசாமலே முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தச் சோதனை புதிதும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலில், அடுத்த படி எது என்று பிள்ளைக்குக் காட்டும் ஏணி அட்டவணையும் பாயில் பரப்பிய அட்டைகளும் நினைவிருக்கும். கணக்குக்கு அவை நன்றாகக் கை கொடுத்தன. ஆங்கிலத்தில், என் வகுப்பைப் பொறுத்தவரை, பிள்ளையும் அட்டையும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அட்டை பதில் பேசவில்லை. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தில் பாட்டு, நடிப்பு, குழு விளையாட்டு என்று பேச்சுக்கு இடம் இருக்கிறது. அதையும் பாடிவிட்டு உட்காருவதோடு நிறுத்தினால் பழைய கதைதான்.

உங்கள் தேர்வுக் கவலைக்கு ஓர் ஆட்டம் சொல்கிறேன். ஐந்து வாக்கியங்களை எழுதி வராந்தா சுவரில் ஒட்டுங்கள். இருவர் ஒரு ஜோடி. ஒருவன் ஓடிப்போய்ப் படித்து, மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து சொல்ல வேண்டும். மற்றவன் எழுத வேண்டும். தாள் பக்கத்தில் இல்லாததால் ஒவ்வொரு சொல்லையும் நினைவில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். படித்தல், நினைவு, பேச்சு, கேட்டல், எழுத்து எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்துவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயிற்சி ஆசிரியை, மதுரை: 'இன்', 'ஆன்', 'அண்டர்' எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் மாற்றிச் சொல்கிறார்களே?

தவறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் தமிழிலிருந்துதான் வருகிறது. நாம் 'சுவரில் பல்லி' என்கிறோம். அந்த 'இல்' உருபைப் பிள்ளை 'இன்' என்று மாற்றி 'த லிசர்ட் இஸ் இன் த வால்' என்கிறது. அதன் கணக்குச் சரிதான். மொழிக்கு மொழி எல்லை வேறு என்பதை மட்டும் காட்ட வேண்டும்.

காகிதத்தில் பல்லி வெட்டிக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டி 'ஆன் த வால்'. மேஜையின் மேல் வைத்து 'ஆன் த டேபிள்'. மேஜைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டினாலும் 'ஆன்'தான் என்று சொல்லும்போது பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மேலே, கீழே என்பது இங்கே கணக்கில்லை. ஒரு பரப்பைத் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் 'ஆன்' என்பதை அந்தப் பல்லிதான் புரியவைக்கும். பிறகு சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக் காட்டி, அதற்குள் பல்லி போனால் 'இன் த வால்' என்று சொல்லுங்கள். என் வகுப்பில் அதற்குப் பிறகு யாராவது தவறிச் சொன்னால் மற்றவர்களே "ஓட்டைக்குள்ளேயா?" என்று கேட்டுவிடுவார்கள்.

இன்னொன்று: நமக்கு 'மேஜைக்குக் கீழே' என்று இடச்சொல் பின்னால் வரும், அங்கே 'அண்டர் த டேபிள்' என்று முன்னால் நிற்கும். இதை வாயால் விளக்காதீர்கள். சொல்லட்டைகளைக் கையில் கொடுத்து இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

அதே பயிற்சி ஆசிரியை: அப்படியானால் வாக்கிய அமைப்பையும் இப்படியே சொல்லிக்கொடுக்கலாமா? 'ஐ மேங்கோ ஈட்' என்று எழுதுகிறார்கள்.

கட்டாயம். மூன்று பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கட்டும்: 'ஐ', 'மேங்கோஸ்', 'ஈட்'. வினைச்சொல் அட்டை மட்டும் சிவப்பு. "தமிழ்!" என்றால் சிவப்பு கடைசியில் போய் நிற்க வேண்டும். "ஆங்கிலம்!" என்றால் நடுவுக்கு ஓடிவர வேண்டும். நான்கு முறை ஓடியவன் ஐந்தாம் முறை தவறாக எழுதமாட்டான்.

'ஹி டீச்சர்' என்று 'இஸ்' விட்டுப்போவதும் நம் வீட்டுச் சொத்து. 'அவர் ஆசிரியர்' என்பதில் வினையே இல்லையே. 'இஸ்' அட்டை போட்ட பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை கோத்துக்கொள்ளட்டும். அவள் விலகினால் இரண்டு பக்கமும் அறுந்துபோகும். கேள்வி கேட்க வேண்டுமா? 'திஸ் இஸ் எ பென்' வரிசையில் முதல் இருவரும் இடம் மாறினால் 'இஸ் திஸ் எ பென்?' நாம் கடைசியில் 'ஆ' சேர்த்துக் கேள்வி ஆக்குகிறோம். அவர்கள் முன்னால் இடம் மாற்றுகிறார்கள். அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியர், புதுக்கோட்டை: 'எஸ்' எங்கே போடுவது என்பதில்தான் எல்லாரும் விழுகிறார்கள்.

எனக்குப் பிடித்த கேள்வி. துணி காயப்போடும் கிளிப் ஒன்றில் 'எஸ்' என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று, இரண்டாவது இருக்கக் கூடாது. 'த டாக்' என்ற அட்டையும் 'ரன்' என்ற அட்டையும் பக்கத்தில். ஒரு நாய் பொம்மை வைத்தால் கிளிப் 'ரன்' அட்டைக்குப் போகும்: 'த டாக் ரன்ஸ்'. இரண்டாவது பொம்மையை வைத்ததும் 'டாக்' அட்டை கிளிப்பைப் பிடுங்கிக்கொள்ளும்: 'த டாக்ஸ் ரன்'. கிளிப்புக்காக இரண்டு பிள்ளைகள் மல்லுக்கட்டுவதுதான் பாடம். 'தே', 'மென்', 'சில்ட்ரன்' வந்தால் இந்தக் கணக்கு உதைக்கும்; முதல் மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

'டூ கவ்' என்று எழுதினால் கோபப்படாதீர்கள். சந்தையில் 'இரண்டு மாடு வாங்கினேன்' என்றுதானே சொல்கிறோம். எண் வந்துவிட்டால் 'கள்' தேவையில்லை என்பது நம் பேச்சுப் பழக்கம்.

ஒலியையும் கையால் பிடிக்கலாம். தொண்டையில் விரல் வைத்து 'கேட்ஸ்' சொல்லச் சொல்லுங்கள். கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது, பாம்பு சீறுவது போல் வரும். 'டாக்ஸ்' என்றால் தேனீ ரீங்கரிப்பது போல் விரலில் அதிரும். இரண்டுக்கும் நான் இங்கே ஒரே எழுத்தைத்தான் போட முடிகிறது, பாருங்கள். 'பஸ்', 'பல்' என்பதில் வரும் இரண்டு 'ப'வும் அப்படித்தான். அதனால்தான் ஆங்கிலச் சொல்லின் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிவைக்கும் பழக்கத்தை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை.

யு.கே.ஜி. படிக்கும் மகளின் தாய், கோவை: சின்ன 'பி', சின்ன 'டி' இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். ஏதாவது கோளாறா?

இந்த வயதில் இது மிகவும் சாதாரணம், அம்மா. இரண்டு கையையும் முட்டியாக மடக்கி, கட்டை விரலை மட்டும் நிமிர்த்தி, முட்டிகளை எதிரெதிராகச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இடது கை 'பி', வலது கை 'டி'. நடுவில் 'இ' இருப்பதாக நினைத்துக்கொண்டால் 'பெட்', பார்ப்பதற்கும் கட்டில் போலவே இருக்கும். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத விடுங்கள். பென்சிலைக் கையில் திணித்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வதை இப்போதைக்கு நிறுத்துங்கள். இரண்டாம் வகுப்பு முடிந்த பிறகும் தொடர்ந்து மாறினால் அப்போது ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் பேசலாம்.

ஒரு தாய், சேலம்: பள்ளியில் என் பையன் ஆங்கிலத்தில் பேசவே மாட்டேன் என்கிறானாம்.

பேசாவிட்டால் போகட்டும், செய்யட்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் ஒரு முறையை முன்வைத்தார்: ஆசிரியர் கட்டளை சொல்வார், பிள்ளை உடலால் செய்து காட்டும், பேச்சை வற்புறுத்தக் கூடாது. தாய்மொழியையும் நாம் அப்படித்தானே கற்றோம். 'பந்தை எடுத்து வா' என்றால் எடுத்து வரத் தெரிந்த குழந்தைக்கு 'பந்து' என்று சொல்ல வராது. 'டச் த டோர்', 'ஜம்ப் ட்வைஸ்' என்று தொடங்குங்கள். சில வாரங்களில் அவனே கட்டளையிட ஆசைப்படுவான். உங்களையும் குதிக்கச் சொல்வான், குதித்துவிடுங்கள்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியர், நாகர்கோவில்: 'கோட்' என்று, அதாவது 'கோ' என்பதோடு 'ட்' சேர்த்து, இறந்தகாலம் சொல்கிறான். அடித்துத் திருத்தலாமா?

அடிக்கவே கூடாது, சார். அந்தச் சொல்லை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 'ஜம்ப்ட்', 'வாக்ட்' என்பவற்றிலிருந்து விதியை அவனே கண்டுபிடித்திருக்கிறான். ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகளும் இதே தவறைச் செய்துதான் வளர்கிறார்கள். தரையில் பாண்டிக் கட்டம் போட்டு நேற்று, இன்று, நாளை என்று பிரித்து, குதிக்கிற கட்டத்துக்கு ஏற்ப 'ஐ வென்ட்', 'ஐ கோ', 'ஐ வில் கோ' சொல்லச் சொல்லுங்கள்.

பலர்: 'எ', 'அன்' வேறுபாடு?

எழுத்தைப் பார்க்காமல் காதால் கேட்கச் சொல்லுங்கள். 'அன் அம்ப்ரெல்லா', ஆனால் 'எ யூனிஃபார்ம்'. இரண்டும் தொடங்குவது ஒரே எழுத்தில். இரண்டு கூடை வைத்துப் பொருள்களைப் போடச் சொன்னால் ஒரு வகுப்பில் முடிந்துவிடும்.

எட்டாம் வகுப்பு வரை படித்த தாய், தர்மபுரி: எனக்கே ஆங்கிலம் தெரியாது. பிள்ளைக்கு வீட்டில் நான் என்ன செய்ய முடியும், டீச்சர்?

உங்களுக்குத் தெரியாததுதான் வசதி, அம்மா. வகுப்பில் நான் தெரியாதது போல் நடித்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நீங்கள் நடிக்க வேண்டியதில்லை. காய் நறுக்கும்போது கத்தரிக்காயைத் தூக்கி "இதுக்கு என்ன பேரு?" என்று கேளுங்கள். அவளுக்குத் தெரியாவிட்டால் மறுநாள் என்னைப் போன்ற ஒருத்தியைக் கேட்டுக்கொண்டு வருவாள். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் அவள் திருத்துவாள், அந்தத் திருத்தம் அவள் வாயில் நிற்கும்.

ஆங்கிலத்துக்கு நாமும் கொஞ்சம் கொடுத்திருக்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். 'கேட்டமரான்' நம் கட்டுமரம். 'மல்லிகட்டானி' என்று அவர்கள் குடிக்கிற சூப், நம் மிளகுத்தண்ணி. இன்றைக்கு ரசம் வைக்கும்போது அதை அவளிடம் சொல்லிவிட்டு, அடுப்பங்கரையில் இருக்கிற பத்துப் பொருளுக்குப் பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மிளகு டப்பாவில் என்ன எழுதினாள் என்று எனக்கும் எழுதுங்கள்.