சகலை வாங்கிய மின்சார கார்: நானும் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 42, பாளையங்கோட்டையில் இருக்கிறேன். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 1,15,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் இஎம்ஐ 29,000, இன்னும் 11 வருடம் பாக்கி. எஸ்ஐபி 12,000, வீட்டுச் செலவு 50,000. வங்கியில் 7 லட்சம் எஃப்டி உண்டு. மகள் எட்டாவது, மகன் நான்காவது படிக்கிறார்கள். 2014-ல் வாங்கிய பெட்ரோல் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டுவேன், பெட்ரோலுக்கு ஐயாயிரம் ஆகிறது.

தூத்துக்குடியில் இருக்கும் என் சகலை மூன்று மாதத்துக்கு முன் வின்ஃபாஸ்ட் விஎஃப் 6 வாங்கினார். தினமும் அதில்தான் திருநெல்வேலிக்கு வேலைக்கு வந்து போகிறார். "சத்தமே இல்லை, ஏசி பிரமாதம், மாசம் 15,000 பெட்ரோல் போட்டுக்கிட்டு இருந்தேன், இப்ப 2,000-ல முடியுது" என்கிறார். குறை என்று கேட்டால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் இல்லாததால் வேகம் பார்க்க நடுத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, நாலுவழிச் சாலையில் வேகமாகப் போனால் சொன்ன தூரம் வருவதில்லை, அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. எஃப்டியை எடுத்து முன்பணம் கட்டி, மீதிக்கு லோன் போடலாமா? சகலையின் நண்பர் ஒருவர் பேட்டரிக்கு வாடகை கட்டும் முறையில் எம்ஜி விண்ட்சர் எடுத்திருக்கிறார், அது எப்படி? மின்சார கார் லோனுக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்கிறார்களே?

பதில்: உங்கள் சகலை சொல்வது பொய்யில்லை. ஆனால் அது அவருடைய கணக்கு. தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போக வர சுமார் 100 கிலோமீட்டர். மாதம் 24 நாள் வேலை என்றாலே 2,400 கிலோமீட்டர் ஆகிவிடும். நீங்கள் ஓட்டுவது 700. மின்சார காரில் மிச்சம் என்பது ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. நின்றுகொண்டிருக்கும் கார் பெட்ரோலாக இருந்தாலும் மின்சாரமாக இருந்தாலும் மிச்சம் தராது.

இன்னொன்று, அவர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஒருவர் சொல்லக்கூடியது கார் ஓட எப்படி இருக்கிறது, சார்ஜுக்கு என்ன ஆகிறது என்பதுதான். இரண்டாம் வருட இன்ஷூரன்ஸ் பிரீமியம், மோதலுக்குப் பின் பம்பரும் விளக்கும் வந்து சேர எத்தனை நாள், ஐந்து வருடம் கழித்து விற்கப் போனால் என்ன விலை, இதெல்லாம் அவருக்கே இன்னும் தெரியாது. போதாக்குறைக்கு, பதினெட்டு லட்சம் போட்டு வாங்கிய பொருளை மூன்றாவது மாதத்தில் நம்மில் யார்தான் குறை சொல்வோம்? அதனால் "கார் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். ஓடோமீட்டரில் எவ்வளவு, எத்தனை முறை வீட்டில் சார்ஜ் போட்டார், எத்தனை முறை வெளியில், ஈபி பில் முன்பு எவ்வளவு இப்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

அந்த 2,000 ரூபாயை மட்டும் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். 2,400 கிலோமீட்டர் ஓட சுமார் 370 யூனிட் வேண்டும். ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறேன், சார்ஜ் ஏறும்போது வீணாவதும் இதில் அடக்கம். இரண்டு மாத பில்லில் இது 740 யூனிட். நம் ஊர் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். முழுக்க வீட்டிலேயே சார்ஜ் போட்டால் அவருக்கு மாதம் மூவாயிரத்து ஐநூறாவது ஆகும். அப்படியானால் 2,000 எப்படி வருகிறது? கம்பெனி அறிமுகத்தின்போது தன் சார்ஜிங் மையங்களில் 2028 ஜூலை வரை இலவச சார்ஜிங் என்று அறிவித்தது. அவர் அதைப் பயன்படுத்துகிறார் என்றுதான் நினைக்கிறேன். நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு முடிவு தேதி உண்டு. மூன்று வருட இலவச பராமரிப்பும் அப்படித்தான். இந்த இரண்டும் முடிந்த பிறகும் அவருக்கு மாதம் 10,000-க்கு மேல் மிஞ்சும். அவர் வாங்கியது சரி.

இப்போது உங்கள் பில். 700 கிலோமீட்டருக்கு மாதம் 108 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216. உங்கள் வீட்டில் இப்போது 380 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், காரோடு சேர்த்து 596 ஆகும். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 500-ஐத் தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் குறைந்த கட்டணம், தாண்டியவர்களுக்குக் கிடையாது. கார் எடுக்கும் 216 யூனிட்டுக்கு மட்டுமில்லாமல், ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் சேர்த்து பில் ஏறும். எல்லாம் கூட்டினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 1,800 ரூபாய் கூடும், அதாவது மாதம் 900. ஐயாயிரம் பெட்ரோலில் இது போக மிச்சம் 4,100. சர்வீஸில் மிஞ்சுவதையும் சேர்த்தால் வருடத்துக்கு 55,000 முதல் 60,000 ரூபாய்.

இந்த மிச்சத்துக்காக எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள்? விஎஃப் 6-இன் அறிமுக விலை 16.49 லட்சத்தில் தொடங்கியது, அது எக்ஸ்-ஷோரூம். இன்ஷூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்து 18 லட்சத்தைத் தொடும். 7 லட்சம் முன்பணம், 11 லட்சம் கடன். 9% வட்டிக்கு ஏழு வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 17,700, வட்டி மட்டும் 3.87 லட்சம். ஐந்து வருடம் என்றால் இஎம்ஐ 22,800. இப்போது உங்களுக்கு மாதம் மிஞ்சுவதே 24,000 ரூபாய். மாதம் நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்க 17,700 கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சிக்கனத்துக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எஃப்டியை எடுப்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. வீட்டுக் கடனும் செலவுமாக உங்களுக்கு மாதம் 79,000 தேவை. ஆறு மாத அவசர நிதி என்றால் ஏறக்குறைய 4.75 லட்சம். அதாவது 7 லட்சத்தில் நீங்கள் தொடக்கூடியது இரண்டே கால் லட்சம்தான். மகள் எட்டாவது படிக்கிறாள் என்கிறீர்கள். ஏழு வருட லோன் போட்டால் அவள் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போதும் கார் இஎம்ஐ போய்க்கொண்டிருக்கும்.

பழைய கார் இனி ஓடாது, எப்படியும் மாற்றியாக வேண்டும் என்றால்? அப்போது எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆகக் குறைந்துவிட்டது. மின்சார காருக்கு 5% என்பதில் மாற்றமில்லை. அதனால் முன்பு இருந்ததைவிட இரண்டுக்கும் இடையில் விலை வித்தியாசம் கூடியிருக்கிறது. ஆன்ரோடு 11 லட்சத்தில் ஒரு சின்ன பெட்ரோல் கார் எடுத்தால் விஎஃப் 6-ஐவிட 7 லட்சம் குறைவு. புதிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தால் உங்கள் பெட்ரோல் செலவே 4,200-க்கு இறங்கிவிடும். அந்த 7 லட்சத்தை மின்சார கார் திருப்பிக் கொடுக்கப் பதினைந்து வருடம் ஆகலாம். ஆனால் எப்படியும் பதினைந்து லட்சத்தில் பெட்ரோல் எஸ்யூவி வாங்கப் போகிறவருக்குக் கதை வேறு. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்குச் சாலை வரி 18%. மின்சார வாகனங்களுக்கு முழு வரிவிலக்கு தந்து, அதை அரசு நீட்டித்தும் வந்திருக்கிறது. நீங்கள் வாங்கும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்பதை டீலர் வாய்ச்சொல்லில் விடாமல், கொட்டேஷனில் சாலை வரி என்ற வரியில் எழுத்தில் பாருங்கள். மூன்று லட்சம் விளையாடும் இடம் அது.

கம்பெனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வின்ஃபாஸ்ட் வியட்நாமின் வின்குரூப் 2017-ல் தொடங்கிய நிறுவனம். தூத்துக்குடி ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது, அடுத்த மாதமே விஎஃப் 6, விஎஃப் 7 இரண்டும் விற்பனைக்கு வந்தன. நம் பக்கத்து ஊரில் ஆலை என்பதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதால் ரீசேல் விலை ஏறிவிடாது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையும் பக்கத்தில்தான் இருந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். செவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. சர்வீஸ் தொடரும் என்று இரண்டு கம்பெனிகளும் சொன்னாலும், பழைய கார் வியாபாரி கேட்கும் விலை வேறாகிவிடும். வின்ஃபாஸ்ட்டுக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. பெரும் முதலீடு போட்டிருக்கிறார்கள், பேட்டரிக்கு நீண்ட வாரன்டி தருகிறார்கள். ஆனால் உலக அளவில் இன்னும் நஷ்டத்தில் இயங்கும் கம்பெனி. ஐந்து வருட முடிவில் போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

வாரன்டி தாளில் இரண்டு இடத்தை மட்டும் படியுங்கள். பேட்டரித் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், இரண்டாவது உரிமையாளருக்கு அந்த வாரன்டி முழுதாகப் போகுமா. உங்கள் ரீசேல் விலை பெருமளவு இந்த இரண்டில்தான் இருக்கிறது.

இன்ஷூரன்ஸில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஓரத்தில் நின்ற கார்களின் கதி நமக்குத் தெரியும். மின்சார காரில் விலை உயர்ந்த பாகம் அடித்தட்டில்தான் இருக்கிறது. பேட்டரியில் தண்ணீர் புகுந்தால், சார்ஜ் போடும்போது மின்னழுத்தம் எகிறினால் இழப்பீடு உண்டா என்று கேட்டு, அதற்கான கூடுதல் கவரையும் ஜீரோ டெப்ரிசியேஷனையும் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் கவர்) சேர்த்து பிரீமியம் எவ்வளவு என்று கேளுங்கள். டீலர் தரும் முதல் வருட பிரீமியம் பெரும்பாலும் காரின் விலையோடு கலந்து கண்ணில் படாமல் போய்விடும். இரண்டாம் வருடம் எவ்வளவு வரும் என்று வேறொரு கம்பெனியிலும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டு மின் இணைப்பில் சாங்ஷன் லோடு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்க அனுமதித்த மின்சார அளவு, எவ்வளவு என்பதையும் பழைய பில்லில் பாருங்கள். பல வீடுகளில் 3 அல்லது 4 கிலோவாட்தான் இருக்கும். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜருக்கு அது போதாது. லோடு உயர்த்த, தனி வயர் இழுக்க, எர்த் போட ஆகும் செலவை யாரும் கொட்டேஷனில் சொல்வதில்லை.

பேட்டரி வாடகை விஷயத்துக்கு வருகிறேன். விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கூடவே கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. 'பத்து லட்சத்துக்குக் கார்' என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் திட்டத்துக்குக் கடன் தரும் சில நிதி நிறுவனங்கள் மாதம் குறைந்தது 1,500 கிலோமீட்டருக்காவது வாடகை கேட்கின்றன. 1,500-ஐ 3.50-ஆல் பெருக்குங்கள், 5,250 ரூபாய். நீங்கள் இப்போது பெட்ரோலுக்குக் கொடுப்பதே ஐயாயிரம்தான்! மின்சாரம் போடுவதற்கு முன்பே, வாடகை உங்கள் பெட்ரோல் செலவைத் தாண்டிவிட்டது. உங்கள் சகலை போல 2,400 ஓட்டுகிறவருக்கு இந்தக் குறைந்தபட்சம் ஒரு பொருட்டில்லை, ஆனால் அவருக்கும் வாடகையே மாதம் 8,400 வரும். எப்படிப் பார்த்தாலும் இது பேட்டரிக்கான கடன்தான், பெயர் மட்டும் வாடகை. உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? 2014 காரின் ஆர்சி 2029 வரை செல்லும். நல்ல நிலையில் இருந்தால் டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் என்று முப்பது, நாற்பதாயிரம் செலவழித்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள். கட்ட நினைத்த இஎம்ஐயில் 15,000 ரூபாயை மாதாமாதம் ஆர்டியில் போடுங்கள். இரண்டு வருடத்தில் வட்டியோடு 3.8 லட்சத்துக்கு மேல் சேரும். எஃப்டியில் தொடக்கூடிய இரண்டே கால் லட்சத்தையும், பழைய காரை விற்று வருவதையும் கூட்டினால் முன்பணம் அவசர நிதியைத் தொடாமலே கிடைத்துவிடும். இந்த 15,000-ஐ இடையில் நிறுத்தாமல் கட்ட முடிகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். அதற்குள் சகலையின் இலவச சார்ஜிங்கும் முடிகிற கட்டத்தில் இருக்கும், இரண்டு இன்ஷூரன்ஸ் புதுப்பித்தல் ஆகியிருக்கும், இதே காரைப் பழையதாக விற்க வருகிறவர்களும் இருப்பார்கள். மாதம் 700 ஓட்டுகிறவருக்கு, வாரன்டி பாக்கியுள்ள இரண்டு வருடப் பழைய மின்சார கார் பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். முதல் விலைச் சரிவை வேறொருவர் தாங்கியிருப்பார்.

நடுவில் உங்கள் வேலை மாறி, நீங்களும் தினமும் 60, 70 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய நிலை வந்தால் இந்தப் பதில் முழுக்க மாறும். அப்போது மறுபடி எழுதுங்கள்.

வரிச் சலுகை: நீங்கள் கேள்விப்பட்டது 80இஇபி பிரிவு. மின்சார வாகனக் கடன் வட்டியில் 1.5 லட்சம் வரை கழிவு தந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்தான் அது. இப்போது எடுக்கும் கடனுக்குக் கிடையாது. ஷோரூமில் யாராவது இன்னும் அதைச் சொல்லி விற்றால், மற்ற கணக்குகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.