குத்தகைச் சாகுபடி கேள்வி பதில்: காகிதம் யார் பெயரில்?

சம்பாவுக்கு முன் குத்தகை, கடன், காப்பீடு பற்றிக் கேளுங்கள். பாகப்பிரிவினை, வில்லங்கம் எல்லாம் வழக்கறிஞர் வேலை. அதற்குள் நான் போகவில்லை.

திருத்துறைப்பூண்டி: ஐயா, ஆறு மா (ரெண்டு ஏக்கர்) நிலம், ஒன்பது வருஷமா நான்தான் உழுறேன். எல்லாம் வாய்ப்பேச்சு. இப்ப மாவுக்கு 5 மூட்டை கேக்குறாங்க. சட்டத்துல எனக்கு இடம் இருக்கா?

இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வாய்மொழி ஒப்பந்தமே போதும். ஆனால் நீங்களோ குடும்பத்தாரோ வயலில் இறங்கி உழைக்க வேண்டும். முழுக்க ஆள் வைத்துச் செய்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நியாய வாரச் சட்டப்படி (வாரம் என்றால் குத்தகைக்கு அளக்கும் நெல்) உடைமையாளர் பங்கு, வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம். மாவுக்கு 60 கிலோ மூட்டை 12 கண்டால் 3 மூட்டை. 5 என்பது 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதற்காக அளக்காமல் நிறுத்திவைத்து வழக்காடாதீர்கள். கெடு தாண்டி ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் அதையே காரணம் காட்டி உங்களை வெளியேற்ற முடியும். வாங்க மறுத்தால் வருவாய் நீதிமன்றத்தில் செலுத்துங்கள்.

அடுத்து, 1969 சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றத் தாசில்தாரிடம் மனு. சர்வே எண் உட்பிரிவோடு, பரப்பு, உடைமையாளர் பெயர், முகவரி வேண்டும். உட்பிரிவு எண் தவறினால் மனு அங்கேயே நின்றுவிடும். உடைமையாளருக்கு நோட்டீஸ் போய் விசாரணை நடக்கும்; பலர் தோற்பது அங்கேதான், கையில் சான்று இல்லாமல். உரக்கடை பில், அறுவடை மிஷின் சீட்டு, நெல் விற்ற ரசீது, வாரம் அளந்ததற்குக் கையெழுத்து எல்லாவற்றையும் வருடவாரியாகக் கட்டி வையுங்கள்.

பாபநாசம்: குத்தகைக்காரருக்கு கிசான் 6,000 வருமா?

வராது. மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகை அது; 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்கே.

நாகை, கீழையூர்ப் பக்கம்: எங்க வயல் முழுக்க மூழ்கிப்போச்சு. பக்கத்து ஊருக்குக் காப்பீடு வந்துச்சு, எங்களுக்கு வரல. ஏன்?

கணக்கு உங்கள் வயலுக்கு அல்ல, கிராமத்துக்கு. பொதுவாக ஊருக்கு நான்கு இடத்தில் 5-க்கு 5 மீட்டர் அறுத்துப் பார்த்து சராசரி எடுப்பார்கள். கடந்த ஏழு ஆண்டில் சிறந்த ஐந்தின் சராசரியை ஒட்டி உத்தரவாத விளைச்சல் வைக்கப்படும். உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, கண்டது 1,500 என்றால் 25 சதவீதம் இழப்பு. 36,000 ரூபாய்க் காப்பீட்டுக்கு 9,000 வரும். மேட்டு வயல்களில் அறுத்தால் பள்ளத்து வயல்காரர் பட்டினிதான். அறுவடைச் சோதனை நாளைக் கேட்டுத் தெரிந்து, நாலு பேராகப் போய் நில்லுங்கள்.

சம்பாவுக்கு உங்கள் பங்கு பிரீமியம் 1.5 சதவீதம். கட்டும் முன் அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிப் பதிவேடு) யார் பெயர் என்று பாருங்கள். அதே சர்வே எண்ணில் உடைமையாளரும் கட்டியிருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

மன்னார்குடி: நாத்து நட மிஷின் வந்ததுல நடவுக்கூலி போச்சு. குத்தகை வயலுக்கு உரம் வாங்கக் குழுக்கடன்ல எடுத்தேன். வாராவாரம் வாசல்ல வந்து நிக்கிறாங்க.

அம்மா, சம்பா நெல் ஐந்து மாதம்; தவணை ஏழு நாள். அந்தக் கடன் பயிருக்கு ஏற்றதே அல்ல. கூட்டுறவில் சிட்டா (நில உரிமைக் காகிதம்) கேட்பதால்தான் குத்தகைக் குடும்பத்துப் பெண்கள் இதில் விழுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது. குறித்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராதபோதுதான் வீட்டுக்கே வரலாம். குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அடுத்த போகத்துக்கு, 4 முதல் 10 குத்தகைதாரர் சேரும் கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியை அணுகுங்கள், பிணை வேண்டாம்.

கும்பகோணம் (நிலம் வைத்திருப்பவர்): இப்படிச் சொல்லிக்கொடுத்தால் யார் குத்தகைக்கு விடுவார்? பதிவேட்டில் பெயர் ஏறினால் என் ஒன்றரை வேலி (பத்து ஏக்கர்) போனமாதிரி. தரிசாகப் போடுவதே மேல்.

திருவையாறு: அவர் சொல்றது நெசம். எங்க தெருவுலயே மூணு பேரு அப்படித்தான் போட்டிருக்காங்க.

உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. கெடு முடிந்தாலும் குத்தகை தானாக முடிவதில்லை. வருவாய் நீதிமன்றம் ஏற வேண்டும். அதனால்தான் ஆண்டுக்கு ஆள் மாற்றுகிறீர்கள். அடுத்த வருடம் தன்னிடம் இருக்காத வயலுக்குத் தழையுரமாகத் தக்கைப்பூண்டு விதைப்பவர் யார்? வாய்க்கால் வெட்டுபவர் யார்? உங்கள் மண்ணும்தான் கெடுகிறது.

2021-இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. கடன் யார் பெயரிலோ தள்ளுபடி அவருக்கு. உங்கள் பெயரில் கடன், வேறொருவர் வியர்வையில் பயிர் என்றால் அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும்? ஆந்திரத்தில் 2019 சட்டப்படி சாகுபடியாளருக்கு 11 மாத அட்டை. நில உரிமையைத் தொடாது, கடனும் காப்பீடும் மட்டும். அதிலும் உடைமையாளர் கையெழுத்துக் கேட்டதால் பலருக்கு எட்டவில்லை. கையெழுத்து தேவைப்படாத அப்படியொரு அட்டை இங்கே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கும்பகோணம்: கையெழுத்து இல்லாமல் என் நிலத்துக்கு அட்டையா? ஒப்ப முடியாது.

பயிருக்குத்தான் அட்டை, நிலத்துக்கு அல்ல. உழுதவரை ஊரே அறியும். கிராம நிர்வாக அலுவலர் வயலில் இறங்கிப் பார்த்து எழுதட்டும்.

வலங்கைமான்: கிசான் பணம் குத்தகைக்கு...

மேலே சொல்லியாயிற்று. வராது.

ஒரத்தநாடு: கோயில் நிலம் என்றால்?

1961-இன் தனிச் சட்டம். மேலே சொன்னதை அப்படியே பொருத்தாதீர்கள்; கோயில் நிர்வாகத்தில் ரசீது உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

நீடாமங்கலம்: கொள்முதல் நிலையத்துல ஈரம்னு திருப்புறாங்க.

வரம்பு 17 சதவீதம். மிஷின் அறுத்த நெல்லை அன்றே ஏற்றாதீர்கள். களத்தில் பரப்பிக் காயவிட்டு ஏற்றுங்கள். பதியும்போது அடங்கலில் யார் பெயர் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.