"அப்பா பயந்துட்டார்" என்கிறான் மகன்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

என் கணவர் 17 வருடம் ராணுவத்தில் இருந்தார். இரண்டு முறை சண்டை நடந்த முனையிலேயே இருந்திருக்கிறார். ஓய்வுபெற்று வந்து இரண்டு வருடமாகிறது. கூட்டமான இடம் என்றால் வரமாட்டார். எங்கே உட்கார்ந்தாலும் முதுகு சுவரில், பார்வை வாசலில். இரவில் மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார். தூக்கம் வரவேண்டும் என்று இப்போது தினமும் குடிக்கிறார்.

மகனுக்கு 18 வயது. அவனும் ராணுவத்தில் சேரத் துடிக்கிறான். போனில் பார்ப்பதெல்லாம் பின்னணி இசை போட்ட போர் வீடியோக்கள். போன மாதம் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "அப்பா, நீங்க எத்தனை பேரைச் சுட்டிருப்பீங்க?" என்று கேட்டான். அவர் பேசாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் தூக்கத்தில் கத்தியவரை இவன் தோளைத் தொட்டு எழுப்பப் போக, அவர் இவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்திவிட்டார். யாரென்று தெரிந்ததும் விட்டுவிட்டு, விடியும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். "அப்பா அங்க பயந்துட்டாரும்மா, நான் அப்படி இருக்க மாட்டேன்" என்கிறான் மகன். இது நோயா? மகனைத் தடுக்கவா, விடவா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் இன்றிரவுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கனவில் கத்துபவரை யாரும் தொட்டு எழுப்ப வேண்டாம். கால்மாட்டுப் பக்கம், கை எட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போடுங்கள். சாதாரணக் குரலில் அவர் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லையென்றால், "என்னங்க, நான்தான். நம்ம வீட்டிலதான் இருக்கீங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர் கண் திறந்து உங்களைப் பார்த்துப் பதில் சொன்ன பிறகு பக்கத்தில் போகலாம். என்ன கனவு என்று அப்போது கேட்காதீர்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி உட்காரச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். மூச்சை 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தானாகத் தணியும்.

மகன் கழுத்தைப் பிடித்த கையைப் பற்றி அவனிடம் நீங்கள் பேச வேண்டும். ஆபத்து வந்தால் யோசிக்காமல் செயல்பட ஒரு சிப்பாயின் உடம்பைப் பழக்குகிறார்கள். ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்ய வைத்து, மூளை "யார் இது?" என்று கேட்பதற்கு முன்பே கை நீளும்படி ஆக்குகிறார்கள். போர்முனையில் உயிரைக் காப்பாற்றிய அந்தப் பழக்கத்தை ஓய்வூதியக் காகிதத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. சுவரோரம் உட்காருவதும் தாழ்ப்பாளை மூன்று முறை பார்ப்பதும் இதே கணக்குதான். அவர் உடம்பு இன்னும் காவல் பணியில் இருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்பது நடந்ததற்கு நேர்மாறான பெயர்.

இந்தப் பெயரை வைத்தவன் உங்கள் மகன் மட்டுமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் படபடப்பையும் மூச்சுத்திணறலையும் கண்ட மருத்துவர் டகோஸ்டா, 1871-ல் அதை இதயக் கோளாறாக எழுதினார். முதல் உலகப் போரின்போது, 1915-ல், பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையால் 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்ற பெயர் பரவியது. அதே போரில்தான் ஓடிப்போனது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் தன் தரப்புச் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் சிலராவது மனம் நொறுங்கிப் போனவர்கள் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு வழங்க 2006 வரை ஆனது. பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன உளைச்சல் கோளாறு) என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இது இடம்பிடித்தது 1980-ல்.

முகத்திலும் மார்பிலும் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் இழிவு என்று வகுத்த மொழி நம்முடையது. வேலும் வாளும் எதிரெதிரே மோதிய காலத்து அளவுகோல் அது. முதல் உலகப் போரிலேயே காயங்களில் பெரும்பகுதி, எங்கோ கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து சுட்ட பீரங்கியால் வந்தவை. கண்ணிவெடி யாருடைய மார்பையும் தேடி வெடிப்பதில்லை.

உங்கள் மகனைத் தடுக்காதீர்கள். தடுத்தால் வீடியோவில் பார்த்ததே அவனுக்கு உண்மையாக நின்றுவிடும். அவன் பார்ப்பதையே அவனோடு உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நாயகன் ஒரு நிமிடம் நிறுத்தாமல் சுடுகிறானா? 30 தோட்டா கொண்ட மேகசின், நிமிடத்துக்கு 700 என்ற வேகத்தில் மூன்று விநாடிக்குள் காலியாகிவிடும். அதுபோல ஏழு மேகசின் சுமந்தாலே மூன்றரைக் கிலோ. தகடு போட்ட கவச உடை பத்துக் கிலோவுக்கு மேல். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ரேடியோ, பேட்டரி, மருந்துப் பை எல்லாம் சேர்ந்தால் 30, 40 கிலோ. அந்தச் சுமையோடு யாரும் சினிமாவில் ஓடுவதுபோல் ஓடுவதில்லை. முழங்காலும் இடுப்பும் சீக்கிரமே தேய ஆரம்பிக்கலாம்.

சுட்டு முடித்ததும் நாயகன் மெதுவான குரலில் வசனம் பேசுகிறானே, அதையும் கேளுங்கள். நாம் பேசுவது சுமார் 60 டெசிபல், ரைபிள் வெடிப்பது 150-க்கு மேல். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பிறகு காதுக்குள் ஓயாத ரீங்காரம். (உங்கள் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா? பேசும்போது திரும்பக் கேட்கிறாரா? காது பரிசோதனையும் செய்துவிடுங்கள். சரியாகக் கேட்காததே பல வீடுகளில் கோபமாகத் தெரிகிறது.)

தொடையில் குண்டு பட்டவன் துணியைக் கட்டிக்கொண்டு எழுந்து சண்டை போடும் காட்சி அநேகமாக இருக்கும். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். காயத்துக்கு நாலு விரல் மேலே பட்டை கட்டி, ரத்தம் அடியோடு நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுத வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் காலுக்கே ஆபத்து. முறுக்கும்போது வலி தாங்காமல் அடிபட்டவன் "விடுடா" என்று கெஞ்சுவான். கேட்காமல் முறுக்குகிறவன் அநேகமாக அவன் நண்பனாகத்தான் இருப்பான், அந்தக் குரல் அவன் காதை விட்டுப் போவதில்லை.

கேமரா காட்டாத இன்னொன்று காத்திருப்பு. போரின் பெரும்பகுதி அதுதான். ஈரமான காலுறை, துண்டு துண்டான தூக்கம், குழி தோண்டுவது, துப்பாக்கி துடைப்பது, எதுவும் நடக்காத நாட்கள். நடக்காத அந்த நாளிலும் உடம்பு நடக்கப்போவதற்குத் தயாராகவே இருக்க வேண்டும். ஆளைத் தேய்ப்பது இதுவும்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் அவன் சேர விரும்பினால் சேரட்டும். போர் கண்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கோளாறு வருவதில்லை என்பதும் உண்மை, அதையும் மறைக்காதீர்கள். தெரிந்து சேர்கிறவன் தூக்கம் கெடும்போது வெட்கப்படாமல் உதவி கேட்பான்.

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்ற கேள்வி வீட்டில் இனி வேண்டவே வேண்டாம். பூஜ்யம் என்றாலும் ஒன்று என்றாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கக்கூடும். சுட்டதைவிட, சுடாமல் போனதும், காப்பாற்ற முடியாமல் போனதும் பலரைக் குடைகிறது. அச்சத்தால் வரும் காயத்திலிருந்து வேறான இதை மனச்சாட்சிக் காயம் என்று சொல்லலாம், மாத்திரையால் மட்டும் இது ஆறாது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மகன் கேட்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. "அங்க எங்கப்பா தூங்குவீங்க?", "மழை வந்தா என்ன பண்ணுவீங்க?", "கூட இருந்தவங்க எப்படிப்பட்டவங்க?" நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்காமல், வண்டி துடைக்கும்போதோ பக்கத்தில் நடக்கும்போதோ கேட்கட்டும். பாதியில் நிறுத்தினால் "அப்புறம்?" என்று தூண்டாமல் அவனும் நிறுத்திக்கொள்ளட்டும்.

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் கெட்ட கனவு, கூட்டத்தைத் தவிர்ப்பது, ஓயாத விழிப்பு எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். நீங்கள் இரண்டு வருடம் தாங்கியிருக்கிறீர்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் வாரம் ஒன்றாக 8 முதல் 15 அமர்வுகள் ஆகும். முதல் சில வாரம் சிலருக்குக் கனவு கூடுவதுபோல் தெரியலாம், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். செர்ட்ரலின் போன்ற மருந்து தந்தால் பலன் தெரியச் சில வாரமாகும், நாலு நாளில் "ஒண்ணும் கேட்கல" என்று நிறுத்த வேண்டாம். தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடவே கூடாது.

குடி முன்னிரவில் கனவை அமுக்கும், பின்னிரவில் அதுவே இரட்டிப்பாகத் திரும்பும். அவர் அதிகாலையில் கத்துகிறார் என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தினம் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரக்கூடும். அளவை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லி அவர் சொல்லும் விதத்தில் குறையுங்கள்.

"நான் இல்லாமல் இருந்தால் நல்லது" என்ற மாதிரி அவர் பேசினால், "சாகணும்னு தோணுதாங்க?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் அன்றே மருத்துவமனை. வீட்டில் துப்பாக்கியோ பூச்சிமருந்தோ சேர்த்துவைத்த மாத்திரையோ இருந்தால் இன்றே வெளியே போகட்டும்.

"உங்களுக்குப் பைத்தியமா, டாக்டரைப் பாருங்க" என்ற தொனி வந்தால் வரமாட்டார். "நீங்க சரியா தூங்கி ரெண்டு வருஷமாச்சு, தூக்கத்துக்காகப் போகலாம்" என்று ஆரம்பியுங்கள். ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை முறை எழுந்தார், எவ்வளவு குடித்தார் என்று குறித்து, அந்தத் தாளை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதல் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். வாசல்படியில் விடியும்வரை உட்கார்ந்திருந்த அந்த இரவைப் பற்றி அவர் வாயாலேயே மருத்துவரிடம் சொல்லட்டும், அவர் கேட்டால் மட்டும் நீங்கள் எடுத்துக்கொடுங்கள்.